தாலமியும் நோரீனின் தண்ணீர்த் தொட்டியும்

சம்பந்தம் காண்போர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குப் பல்வலி என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் கடைவாய்ப் பல்லில் புறப்பட்டு, கரும்பு, கப்பல், பாரசீகப் படையெடுப்பு என்று உலகத்தையே சுற்றி, மறுபடி அதே பல்லுக்கு வந்து சேர்வார்கள். பல் மட்டும் அப்படியே வலித்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலையில் இந்த இனத்தின் அசல் மாதிரி கிளைவ் ஹார்ட்விக். அவருடைய பக்கத்துப் பண்ணைக்காரி நோரீனுக்கு அந்தக் கோடையில் மிஞ்சியது ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதுவும் போனால் மாடுகளை விற்க வேண்டியதுதான். அங்கே கூட்டமாய்த் திரியும் காட்டு ஒட்டகங்களுக்குத் தாகம் வந்தால் குழாயையே பிடுங்கும். ஆகவே தொட்டியைச் சுற்றி வேலி, வேலிக்கு ஒரு கேட். அன்று கேட்டைத் திறந்து வைத்து, காவலுக்குக் கிளைவை நிறுத்திவிட்டு, மாடுகளை ஓட்டிவர வண்டியில் போனாள் நோரீன்.

மாடுகளுக்கு முன்னே ஒட்டகங்கள் வந்தன.

"கிளைவ்! கேட்டைச் சாத்து!" தூரத்திலிருந்தே கத்தினாள்.

"நோரீன், இப்பத்தான் பிடிபட்டுது! தாலமின்னு பழைய புவியியல்காரர் ஒருத்தர், தெற்கே பெரிய நிலம் ஒண்ணு இருக்குன்னு அந்தக் காலத்துலயே எழுதி வெச்சார். எங்க உக்காந்து எழுதினார்? எகிப்துல! எகிப்துல என்ன இருக்கு?"

"யோவ், சாத்துய்யா!"

"ஒட்டகம்! அவர் சொன்ன நிலத்தை இதுங்க வந்து சரிபார்க்குதுங்க!"

சரிபார்க்க வந்தவை கிளைவின் இரு பக்கமும் புகுந்து உள்ளே போயின. குழாய் பிடுங்கப்பட்டது. தண்ணீரை மணல் குடித்தது.

"உன் வாய்க்கு ஒரு கேட் போட்டிருக்கணும்" என்றாள் நோரீன், மூச்சு வாங்க.

கிளைவ் அசரவில்லை. "கேட்டை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட்டுட்டுப் போறதுதானே நம்ம ஊர் வழக்கம்? நான் வந்தப்ப திறந்துதான் இருந்துது!"

அந்த வாரமே மாடுகள் லாரி ஏறின. வழியனுப்ப வந்த கிளைவ், லாரி டயருக்கும் பிரேசில் காட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை ஓட்டுநருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். லாரியின் பின்கதவை நோரீன் தானே சாத்தினாள். கிளைவிடம் சாத்தச் சொல்லவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும், தாலமி காலத்து எகிப்தில் ஒட்டகம் உண்டா என்று தேடிப் பார்க்க உங்கள் கை துறுதுறுக்கிறதா? தேடுங்கள். அதற்கு முன், அடுப்பில் பால் ஏதும் வைத்தீர்களா என்று ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.