மாப்பிள்ளை சட்டைப் பையில் ஆட்டின் ராணி

பெண் பார்க்க வரும்போது பாட்டுப் பாடச் சொல்கிற வழக்கமெல்லாம் ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் பக்கம் ஒழியவில்லை. அதிலும் பெண்ணுக்கு சங்கீதா என்று பேர் வைத்துவிட்டால் தீர்ந்தது. பஜ்ஜித் தட்டைக் கீழே வைப்பதற்குள், "பேருக்கு ஏத்த மாதிரி ஒரு பாட்டு பாடும்மா" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நான்தான் அந்த சங்கீதா. நான் பாடினால் தெரு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும் (நிஜமாகவே போயிருக்கிறது). அதனால் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் பாடவில்லை. மனசில் இருப்பதை முன்கூட்டியே சொல்கிற சீட்டு வித்தை செய்து காட்டினேன். பாடியே தொலைத்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்னைப் 'பார்க்க' வந்த பிரகாஷை நான் அதற்கு முன்பே மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அவன் கட்டிங் செக்ஷனில் சூப்பர்வைசர், நான் சாம்பிள் ரூமில். (இப்போதும் 'அவன்'தான். பெரியவர்கள் முன்னால் மட்டும் 'அவர்'.) விரிஞ்சிபுரம் தாண்டி எங்கள் ஊரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். ஒருநாள் சாம்பிளுக்குத் தோல் கம்மியாகக் கொடுத்துவிட்டான் என்று சண்டை போடப் போனேன். அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

சாதி ஒன்று, ஜாதகமும் பொருந்தியது. பொருந்தாதது எங்கள் பெரியப்பா ஒருவர்தான். அவருக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது. சித்தப்பா மகளுக்கு நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தத்தை, பெண்ணும் பையனும் முன்பே போனில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்ததும், வந்த தாம்பாளத்தோடு திருப்பி அனுப்பிய மகராசன். எங்கள் அப்பா அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார். ஆகவே நாங்கள் தரகரைப் பிடித்து, வரன் தானாக வருகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். பிரகாஷும் நானும் முன்பின் தெரியாதவர்கள். இது பொய் என்று பெரியப்பாவுக்குத் தெரிந்தால் கல்யாணம் காலி.

அடுத்தது பிரகாஷின் அம்மா. ஷூ கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தோலை மூட்டை மூட்டையாக வாங்கி, தன் ஷெட்டில் தரம் பிரித்து, கையுறை, கீ செயின் செய்கிறவர்களுக்கு விற்கிறவர். கணவர் போன பிறகு தனியாளாக நின்று அந்த வியாபாரத்தை நடத்தினார். அந்தம்மா உள்ளே வந்தால் ஸ்டோர் மேனேஜர்களே டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். "எங்கம்மாவுக்கு பாட்டு, டிகிரி எல்லாம் தூசு. ஆளு கெட்டிக்காரியான்னுதான் பாப்பாங்க" என்று பிரகாஷ் சொன்னான். கெட்டிக்காரி என்று காட்ட எத்தனையோ வழி இருக்கிறது. எனக்குப் போய் யூடியூபில் பார்த்த சீட்டு வித்தைதான் தோன்றியது. புத்தி அப்படி.

வித்தை இதுதான். நாலு ராணிகளையும் முகம் தெரிய வரிசையாக வைக்க வேண்டும். எதிரில் இருப்பவரை ரெண்டு சீட்டைத் தொடச் சொல்ல வேண்டும். தொட்டதில் ஆட்டின் ராணி (சிவப்பு இதயம் போட்ட ராணி) இருந்தால், "சரி, இதை வச்சிக்கலாம்" என்று மற்ற ரெண்டையும் தள்ள வேண்டும். இல்லாவிட்டால், "சரி, இதைத் தள்ளிடலாம்" என்று தொட்டதைத் தள்ள வேண்டும். மிச்சமிருக்கும் ரெண்டில் ஒன்றைத் தொடச் சொல்லி, அதிலும் இதே பித்தலாட்டம். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் ஆட்டின் ராணிதான் நிற்கும். தொட்டால் எடுப்பதா தள்ளுவதா என்பதை அவர் தொட்ட பிறகுதான் நாம் முடிவு செய்கிறோம். பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஏதோ தானே தேர்ந்தெடுத்த மாதிரி வாயைப் பிளப்பார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே மாதிரி இன்னொரு கட்டிலிருந்து ஆட்டின் ராணியை எடுத்து பிரகாஷிடம் கொடுத்து, வரும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். கடைசியில் நான் அவனைத் திரும்பிப் பார்ப்பேன். அவன் எழுந்து, பையில் கை விட்டு, ஆச்சரியப்பட்டு, சீட்டை வெளியே எடுக்க வேண்டும். சாம்பிள் ரூமில் என் பக்கத்து டேபிள் ஷாஹீன்தான் சாப்பாட்டு இடைவேளைகளில் ஒத்திகைக்கு உட்காருவாள். "வித்தை நல்லாகீது. ஆக்டிங்தான் ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி பண்ணு" என்று அவள் சொன்னதைக் கேட்டு ஆக்டிங்கைக் கம்மி பண்ணினேன்.

முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் என் சீட்டு எப்படிப் போயிருக்கும் என்று பெரியப்பா கேட்கமாட்டாரா? இந்தக் கேள்வி எங்கள் மூன்று பேரில் ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை. வித்தை தோற்றால் அவமானம், ஜெயித்தால் கல்யாணமே காலி. இப்படி ஒரு வித்தையைத்தான் நாங்கள் அத்தனை நாள் உயிரைக் கொடுத்து ஒத்திகை பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பிரகாஷ், அவன் அம்மா, அவன் அக்கா. நான் குனிந்த தலை நிமிராமல் எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். பிரகாஷ் என்னை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஷாஹீன் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அவன் அக்கா எதிர்பார்த்தபடியே பாடச் சொன்னாள். எனக்குப் பாட்டு வராது, ஒருத்தர் எதை எடுப்பார் என்று முன்கூட்டியே சொல்ல வரும் என்றேன். முந்தானைக்குள்ளிருந்து சீட்டுக்கட்டை எடுத்ததும் எங்கள் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. நல்ல காரியத்தில் சூதாட்டச் சாமானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். பெரியப்பா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ரம்மியில் புலி.

நாலு ராணிகளையும் டீப்பாயில் அடுக்கிவிட்டு, அவர்கள் எடுக்கப்போகும் ராணியின் ஜோடி இந்தக் கூடத்திலேயே ஒருவரிடம் இருக்கிறது என்று அறிவித்தேன். பிறகு பிரகாஷின் அம்மாவைப் பார்த்து, ரெண்டு சீட்டைத் தொடும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் தொடவில்லை. கை ரெண்டும் மடியிலேயே இருந்தன. சீட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொட்டா எடுக்கறதா, கழிக்கறதா?" என்று கேட்டார்.

துண்டுத் தோல் வியாபாரத்தில் அதுதான் முதல் பேச்சாம், எனக்குப் பிறகுதான் தெரியும். குவியலிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வது ஒரு ரேட், கெட்டதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அள்ளுவது ஒரு ரேட். எது என்று பேசி முடிக்காமல் அவர் ஷெட்டில் ஒருத்தர் கையும் குவியல் மேல் படக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டார். அவ்வளவு நாள் நான் கட்டிய கோட்டை அந்த ஒரே கேள்வியில் இடிந்து விழுந்தது.

எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று இளித்தேன்.

"எப்படி வோணா வச்சிக்கலாம்னா வியாபாரம் ஆவாது கண்ணு. மொதல்ல சொல்லு, அப்பறம் கை வெக்கறேன்."

எடுப்பதுதான் என்றேன், வேறு வழி? அவர் ரெண்டு சீட்டெல்லாம் தொடவில்லை. நேராகக் கிளாவர் ராணியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார்.

இப்படி ஆனால் என்ன செய்வது என்று அந்த யூடியூப்காரன் சொல்லித் தரவில்லை. போதாத காலம், உதவிக்கு யாருமில்லையா என்று பிரகாஷைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவனுக்கு அதுதானே சிக்னல்! சொல்லி வைத்தபடி எழுந்தான். சட்டைப் பையில் கை விட்டான். "அட! இது எப்படி என் பாக்கெட்ல வந்துச்சு?" என்று ஆட்டின் ராணியை உயர்த்திக் காட்டினான். என் கையில் கிளாவர் ராணி, அவன் கையில் ஆட்டின் ராணி. நாங்கள் ரெண்டு பேரும் கோயில் துவாரபாலகர் மாதிரி எதிரெதிரே நின்றோம்.

எங்கள் அப்பா மட்டும் கை தட்டினார். மகள் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார், பாவம். பெரியப்பா தட்டவில்லை.

"சீட்டு தப்பா வந்தது கெடக்கட்டும்" என்றார். "நம்ம வூட்டு சீட்டு மாப்பிள்ளை பாக்கெட்டுக்கு எப்படிப் போச்சு? ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?"

அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிரகாஷ் சீட்டைத் திரும்பப் பைக்குள் வைக்கலாமா என்று பார்த்தான் (மக்கு!). எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை நானே டீப்பாயில் பரப்பி நாசம் பண்ணிவிட்டேனே! சித்தப்பா மகள் அன்றைக்கு அழுதது கண் முன்னால் வந்தது.

பிரகாஷின் அம்மா காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"காப்பி குடுக்கறப்பதான் போட்டா. நான் பாத்துனேதான் இருந்தேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும்தான்.

"குனிஞ்சு டம்ளர நீட்டினா பாருங்கண்ணே, அப்ப. இன்னா கை வேகம்! எம்புள்ள பராக்கு பாத்துனு இருந்தான், அவனுக்கு எங்க தெரியப்போவுது? நான்தான் கம்முனு இல்லாம வேற சீட்ட எடுத்து பொண்ணு வித்தைய கெடுத்துட்டேன்."

அவருக்கு இமைகூட ஆடவில்லை. அத்தனை நாள் ஒத்திகை பார்த்தும் எனக்கு ஒரு வரி ஒழுங்காக வரவில்லை. ஒத்திகையே இல்லாமல் முழுப் பொய்யை, அதுவும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, இப்படியும் ஒருத்தர் சொல்ல முடியுமா! அந்த நிமிஷமே நான் அவர் காலில் விழுந்திருப்பேன். விழுந்தால் காரணம் கேட்பார்களே என்றுதான் நின்றேன்.

பெரியப்பா மோவாயைத் தடவினார். ரம்மி ஆடுகிற தனக்குத் தெரியாமல் ஒரு சீட்டு கை மாறியது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. "ஆமா, நானும் கவனிச்சேன். ஏதோ அசைஞ்சாப்ல இருந்துது" என்றார். அப்பா மறுபடியும் கை தட்டினார்.

அதோடு விட்டாரா அந்தம்மா? கூட வந்த அக்காவின் பையை வாங்கி, அதிலிருந்து மல்லிகைப் பூ, மஞ்சள், குங்குமம், ஒரு பட்டுப் புடவை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் வைத்தார். இன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போகிறோம் என்றார். அதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டுமே என்று அம்மா இழுத்தாள். நாள் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்பினோம் என்று அமைதியாகச் சொன்னார்.

பையன் பெண்ணைப் 'பார்ப்பதற்கு' முன்பே பூவும் புடவையும் பைக்குள் வந்துவிட்டிருக்கிறது. வித்தை என்றால் அதுதான் வித்தை. நானும் இருக்கிறேனே, ரெண்டு சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டு.

என் தலையில் பூ வைக்கும்போது காதோரமாக மெதுவாகச் சொன்னார்: "லவ் பண்றதுன்னா பண்ணுங்க. சாட்சிய பாக்கெட்ல வச்சினு சுத்தாதீங்க."

கல்யாணத்துக்குப் பிறகு, எப்படித் தெரியும் அத்தை என்று கேட்டேன். கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் நானும் பிரகாஷும் உட்கார்ந்து சாப்பிட ஒரு மறைவான இடம் கண்டுபிடித்து வைத்திருந்தோம், குடோனில் துண்டுத் தோல் மூட்டைகளுக்குப் பின்னால். அந்த மூட்டைகளை வாங்குகிறவர் யார்? லோடு ஏற்ற வந்த அத்தையே பார்த்திருக்கிறார். சத்தம் போடாமல் திரும்பிப் போய், என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். என்னைப் பிடித்தும் போயிருக்கிறது. நாங்கள் சாமர்த்தியமாகப் பிடித்த தரகரிடம் அவர் அதற்கு முன்பே பேசிவிட்டிருந்தார். இத்தனையும் தெரிந்துகொண்டு அன்றைக்கு எங்கள் கூடத்தில் முன்பின் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தாரே, அதற்கு ஷாஹீன்கூட ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு மாமியார் என்றால் அவர்தான் மாமியார். யார் என்ன சொன்னாலும் சரி.

அத்தை சொன்ன பொய்யால் எனக்கு ஒரு பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. என் கை பொல்லாத கை என்று பெரியப்பா சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். எந்த விசேஷத்தில் நான் காப்பி கொடுக்கப் போனாலும் ஒரு கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையை இறுக்கி மூடிக்கொள்வார். அவரைப் பார்த்துச் சித்தப்பா, மாமா எல்லோரும் மூடிக்கொள்கிறார்கள். பொடிசுகள்கூட, பையே இல்லாத பனியனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கின்றன. அத்தை மட்டும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பெரியப்பாவின் கடைசி மகள் ரம்யா என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். தைக்குள் அவளைப் பெண் பார்க்க யாரோ ஆற்காட்டிலிருந்து வருகிறார்களாம். தரகர் கொண்டுவந்த வரனாம். சொல்லும்போதே அவள் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அக்கா, அந்தச் சீட்டு வித்தைய எனக்கும் சொல்லித் தர்றியா?" என்றாள்.

சீட்டெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, நேராக அத்தையிடம் அனுப்பிவிட்டேன்.