காஜா வெட்டாத சுவர்

"அத்தான், இதைத் தொட்டது யாரு? காலையில கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்னு போட்டுட்டுப் போனேன். இப்ப சிவில் என்ஜினியரிங்னு இருக்கு!"

லேப்டாப்பைப் பார்த்து அலறியவர் பஸ் நிலையத்து டைம் கீப்பர். பதில் சொன்னவர் அவருடைய அக்கா புருஷன், தையற்காரர்.

"நான்தான் மாத்தினேன். கட்டடம் நிக்கணும்னா கணக்கு தெரியணும், மாப்ளே."

"கட்டடம் முடியணும்னா ஆளைக் கட்டி மேய்க்கத் தெரியணும், அத்தான்."

விண்ணப்பம் மாலை ஐந்து மணியோடு மூடிவிடும். விட்டால் தையற்காரர் மகளுக்கு ஒரு வருஷம் போச்சு. இருவரும் மாறி மாறி அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் மெல்லச் சொன்னாள்:

"பின்னறையில எனக்குத் தடுப்புச் சுவர் எழும்புதே, அளவு அப்பாவோடது, அட்டவணை மாமாவோடது. உள்ள போய்ப் பாருங்க. எது சரியா இருக்கோ, அந்தப் படிப்பு."

நியாயம்தான். கொத்தனார் விட்டிருந்த இடைவெளி வழியாக இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

"சட்டைக் காலர் மாதிரி எப்படி விறைப்பா நிக்குது பாரு!" என்று தையற்காரர் இஞ்ச் டேப்பை நீட்டினார்.

"நின்னு என்ன? அரை மணி லேட்டு!"

சண்டை முற்றித் திரும்பிப் பார்த்தபோது இடைவெளியைக் காணோம். முழுச் சுவர். உச்சியில் மட்டும் கை நுழையும் சந்து.

"கொத்தனாரே! வழி எங்கேய்யா?"

"கத்தாதீங்க அத்தான். ஈரம் காயணும்னு அஞ்சு வரைக்கும் நான்தான் அவரை டீக்கு விட்டிருக்கேன். நீங்க ஏன் கதவே வரையல?"

"முழுச் சட்டையும் தைச்சப்புறம்தானே காஜா வெட்டுவோம்!"

மைத்துனர் தோளைக் கொடுத்துச் சுவரைத் தள்ளப் போனார். தையற்காரர் பாய்ந்து சட்டையைப் பிடித்தார்.

"தள்ளாதே! விழுந்தா சிவில் தோத்துடும்!"

சட்டை காலரோடு பிய்ந்து இடுப்புவரை கிழிந்தது.

"அத்தான், இது நீங்க தைச்சது."

தையற்காரர் அதைக் காதில் வாங்காமல் சிமென்ட் மூட்டை மேல் ஏறிச் சந்து வழியே கையை ஆட்டினார். மூட்டை வெடித்தது. இருவரும் சாம்பல் பூத்த சிலையானார்கள்.

"பாப்பா! கொத்தனாரைக் கூப்பிடும்மா!"

"அஞ்சு மணிக்குத்தான் வருவாராம்பா. மாமா அட்டவணையாம்."

அந்த நிலையிலும் மைத்துனருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து மணிக்குக் கொத்தனார் வந்து நாலு வரிசைக் கல்லைத் தட்டி எடுத்தார். தும்மிக்கொண்டே வெளியே வந்த தையற்காரர் கேட்டார்:

"ஃபார்ம் என்னம்மா ஆச்சு?"

"அனுப்பிட்டேன்பா. கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்."

மைத்துனர் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பார்த்தீங்களா? என் அட்டவணையில புள்ள அசந்துட்டா!"

தையற்காரரின் ஆத்திரம் கொத்தனார் பக்கம் திரும்பியது. "ஏன்யா, உள்ள ரெண்டு ஆள் இருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கொத்தனார் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தெரியாம என்னண்ணே? 'ரெண்டு பேரும் உள்ள போனதும் வழியை அடைச்சிடுங்க, நான் நிம்மதியா ஃபார்மை அனுப்பணும்'னு பாப்பாதானே சொல்லுச்சு!"