பதினேழாவது பட்டன்

கம்ப்யூட்டர் விஷயத்தில் இனி மனைவியிடம் எதையும் கேட்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். அவள் வீட்டிலிருந்தபடியே வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பவள். அவள் விரல் போகிற வேகத்தை நான் நின்று பார்ப்பதில்லை, மனசு விட்டுப்போகும்.

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் பதவி காலி. கூடவே ஒரு தனி அறை. நான் பதினோரு வருஷமாகத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். குடிக்க வருகிறவர்கள் டம்ளரை என் ஃபைல் மேல்தான் வைப்பார்கள். கடிதம் அடிக்கிற சாப்ட்வேரில் நமக்கு வேண்டிய பட்டன்களை மட்டும் திரையின் மேல்விளிம்பில் இருக்கும் டூல்பாரில் அழகாக அமைத்துக் காட்டுகிறவருக்கு அந்த அறை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கெடு.

நானே முயன்றேன். மூன்று பட்டன் சேர்த்தேன். டூல்பாரே காணாமல் போனது.

கேட்கக் கூடாது என்பதுதானே முடிவு? சீண்டலாமே!

"இந்த டூல்பாரை ஒழுங்கு பண்ண யாராலயும் முடியாது. உன்னாலகூட."

"அப்போ விடுங்க."

இந்தப் பதில் என் திட்டத்தில் இல்லை.

"இல்ல, சும்மா, பொழுதுபோக்கா முயற்சி பண்ணலாமேன்னு..."

"என்னென்ன பட்டன் வேணும்?"

"எனக்கு எதுவும் வேணாம். வேணும்னா, ஒரு பதினாறு."

சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தேன்.

"பொழுதுபோக்குக்கு யாராவது பட்டியல் போட்டு, அதுக்கு அடியில கோடும் போடுவாங்களா?"

"ஒரு ஒழுங்குக்காக."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமா?"

"ஆமா... இல்ல! வெள்ளிக்கிழமை எங்கேருந்து வந்தது?"

"நேத்து ராத்திரி தூக்கத்துல 'மேனேஜர் சார், தனி அறை, வெள்ளிக்கிழமை'ன்னு புலம்பினீங்களே."

அவள் சிரிக்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். அரை மணியில் முடித்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அவள் மொட்டை மாடி ஏறியதும், அந்த அமைப்பை அப்படியே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, பெரிய திரையில், மொத்த அலுவலகமும் பார்க்க, என் டூல்பார். "நீங்களே பண்ணீங்களா?" என்றார் மேனேஜர். "ராத்திரி பகல் பார்க்கல சார்" என்றேன். அவரே மவுஸைப் பிடித்தார்.

பட்டன் மேல் அம்புக்குறியை நிறுத்தினால் சின்னப் பெட்டியில் அதன் பெயர் வரும். அந்தப் பெயரை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மேனேஜர் உரக்கப் படித்தார்.

"'சேமி. இதை மறந்துட்டு என்கிட்ட வந்து நிக்காதீங்க.'"

"எனக்கு நானே எழுதிக்கிட்ட குறிப்பு சார்."

"'பிரிண்ட். ஒரு தடவை அழுத்தினா போதும். போன மாசம் நாப்பது காப்பி வந்துச்சு.' இதுவும் நீங்களேதானா?"

பின்வரிசையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவமானத்தில் நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் ஒரு பட்டனையும் விடவில்லை. கடைசியில், என் பட்டியலிலேயே இல்லாத பதினேழாவது பட்டனுக்கு வந்தார்.

"'மேனேஜர் சார், வணக்கம். இதை அமைச்சது நான்தான், இவர் சம்சாரம்.'" கீழே அவள் போன் நம்பர்.

அறை போயிற்று என்று நினைத்தேன். மேனேஜர் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அம்மா, நீங்களே வந்து இந்தப் பொறுப்பை எடுத்துக்குங்களேன்."

"வேணாம் சார். அவருக்கே குடுங்க. ரொம்ப ஆசைப்படுறார். தெரியலைன்னா என்னைத்தான் கூப்பிடப் போறார்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் எனக்காக இப்படி யாரும் பேசியதில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். பொறுப்பான வேலை. சனிக்கிழமையும் வரச் சொல்லிடுங்க. அவர் வீட்டுல இருந்தா என்னால ஒரு பக்கம்கூட டைப் அடிக்க முடியல."

மேனேஜருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று.

இப்போது எனக்குத் தனி அறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் மொத்த அலுவலகமுமே எனக்குத் தனி அறைதான்.