ஃப்ரீசரில் தமிழரசன்

நான் நுண்ணுயிரியல் படித்தவள். பேய், பிசாசு, செய்வினை எதையும் நம்புகிற ஆள் கிடையாது. கல்லூரியில் அப்படித்தான் பாடம் எடுக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் கட்டியைத் தவிர வேறெதையும் வைக்க விடமாட்டேன். யாராவது ஏன் என்று கேட்டால் கரண்ட் பில் அது இது என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையைச் சொன்னால் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். (சிரிக்கட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.)

அப்போது நான் திருச்சியில் ஆராய்ச்சி மாணவி. என் கைடுக்கு ஒரே கேள்விதான். ஓடியாடி விளையாடுகிறவர்களின் குடலில் இருக்கும் பாக்டீரியாவும், என்னைப்போலச் சோபாவில் கிடப்பவர்களின் குடலில் இருக்கும் பாக்டீரியாவும் ஒன்றுதானா? அதற்கு விளையாட்டு வீரர்களின் மலத்தைச் சேகரிக்க வேண்டும். பிறகு அதைப் பக்குவம் செய்து எலிகளின் குடலுக்குள் செலுத்தி, எலி முன்னைவிட நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மனிதருக்கே இப்படி மாற்றி வைக்கிற வைத்தியம் இருக்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிற ஒருவகை வயிற்றுப்போக்கை அப்படித்தான் நிறுத்துகிறார்கள். மூக்கைப் பொத்தாதீர்கள், அதில் பிழைத்து எழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

சேகரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. (படித்த படிப்புக்குக் கிடைத்த மரியாதை.) "நீ பெரம்பலூர்ப் பொண்ணுதானே, உங்க பக்கம் கபடி டீமுக்கா பஞ்சம்?" என்று கைடு சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலையில் தெர்மாகோல் பெட்டியும் கையுமாக, விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் போய் இறங்கினேன்.

விஷயத்தைச் சொன்னதும் டீமே சிதறி ஓடிவிட்டது. நின்றவன் தமிழரசன் ஒருவன்தான். அந்த வட்டாரத்திலேயே அவனைப் பிடித்து அமுக்க ஆள் கிடையாது. திங்கட்கிழமை அரியலூரில் அவனுக்குக் கபடி செலக்சன். தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது, அடுத்த வாய்ப்பு என்ற பேச்சே இல்லை.

"அக்கா, என்னோடத எலிக்குக் குடுத்தா எலி ரெய்டு போவுமா?" என்றான்.

"போகும் தம்பி! உன் பலத்துல பாதி உன் குடல்லதான் இருக்கு. உன்னவிட்டுப் பிரிச்சு எங்க கொண்டு வச்சாலும் அது வேலை செய்யும்" என்று வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டேன். ஒருவன் கேட்டுவிட்டால் போதும், எனக்கு வாய் நிற்காது.

வாசலில் நின்றிருந்த அவன் மனைவி கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் இருக்கும். "எடுத்துட்டுப் போயி எங்கக்கா வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"நேரா எங்க வீட்டு ஃப்ரீசர்தான். கல்லு மாதிரி ஒறஞ்சிடும். கெடவே கெடாது."

அவள் உள்ளே போய்விட்டாள். தமிழரசன் நான் கொடுத்த டப்பாவோடு முந்திரித்தோப்புப் பக்கம் போய்த் திரும்பி வந்தான்.

சனி, ஞாயிறு ஆய்வகம் பூட்டியிருக்கும். அதனால் டப்பாவை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு, பெரம்பலூரில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். அம்மா கேட்டதற்கு "காலேஜ் மருந்து" என்றேன்.

மறுநாள் உச்சி வெயில். சித்திரை மாதம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை, வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது கோகிலா; முதல் நாள் நான் எழுதிக்கொடுத்திருந்த விலாசத்தைப் பிடித்து வந்திருந்தாள். பின்னால் தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஓர் உருவம். இறங்கி நடந்து வந்தபோதுதான் தமிழரசன் என்று தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கு வாசல்படியிலேயே கேட்டது.

"நேத்து சாயங்காலத்துலேருந்து இப்புடித்தான்க்கா" என்றாள் கோகிலா. "ஜெயங்கொண்டத்துல டாக்டருகிட்ட காட்டிட்டோம். காய்ச்சலே இல்லங்குறாரு. ரத்தத்துலயும் ஒண்ணும் இல்லயாம். நீங்க எப்ப அத உள்ள வச்சீங்க?"

"சாயங்காலம்தான்... ஆனா அதுக்கும் இதுக்கும்..."

"எங்க கொல்லையில கண்டவன் வந்து வெளிக்கி இருந்துட்டுப் போனா, அதும்மேல நெருப்ப அள்ளிப் போடுவோம். போட்டா இருந்தவனுக்கு எரியும். எரியுது எரியுதுன்னு அவனே வந்து நிப்பான். நெருப்புல போட்டா எரியும்னா, ஐசுல வச்சா?"

நான் சிரித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, பாக்டீரியா என்றால் என்ன, உடலை விட்டு வெளியே வந்த பொருளுக்கும் உடலுக்கும் ஏன் எந்தத் தொடர்பும் இல்லை என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். கோகிலா பொறுமையாகக் கேட்டாள்.

"பிரிச்சு எங்க கொண்டு வச்சாலும் வேலை செய்யும்னு நேத்து நீங்கதானக்கா சொன்னீங்க? எலி வயித்துக்குள்ள செய்யும், உங்க வூட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள செய்யாதா?"

சமாளிக்க, நாடி பார்க்கிறவளைப்போல அவன் கையைப் பிடித்தேன். அவன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அந்தக் காற்று. சட்டென்று கையை விட்டுவிட்டேன்.

"நாளைக்கு செலக்சன்க்கா" என்றான் தமிழரசன். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அவர்கள் மனத்திருப்திக்காகத்தான் (அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்) பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பெட்டியின் மேலிருந்த உறைபனி உருகி ஒழுக ஆரம்பித்தது. கூடத்துக்குத் திரும்பி வந்தால் தமிழரசன் கம்பளியை இறக்கிவிட்டிருந்தான். கழுத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அம்மா கொடுத்த காபியை நடுக்கமில்லாமல் வாங்கிக் குடித்தான். "வெயிலு ஏறவும் சரியாப் போச்சு போல" என்றாள் விவரம் தெரியாத அம்மா.

இத்தோடு விட்டிருந்தால் நான் மனுஷி. விட்டேனா? ஒருமுறை நடந்தால் அது தற்செயல், மறுபடி செய்து பார்க்காமல் எதையும் முடிவு கட்டக் கூடாது என்று கைடு படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். கொல்லை வழியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு திருடியைப்போலச் சமையலறைக்குள் நுழைந்தேன். சத்தமில்லாமல் ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கூடத்தில் டம்ளர் டபராவில் மோதுகிற சத்தம் கேட்டது. கட கட கட என்று, நிற்காமல்.

என் கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது. திரும்பினால் பின்னால் கோகிலா நின்றிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சமையலறை தெரியவே தெரியாது.

"ஏன்க்கா திரும்ப வச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். கத்தியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

என்னை விலக்கிவிட்டு அவளே பெட்டியை எடுத்தாள். கோழிக்குஞ்சைப் பொத்துவதுபோல முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். "இது எங்க ஆளு" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அப்போதுதான் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று அம்மாவுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் வாங்கியதை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

போகும்போது ஸ்கூட்டரைத் தமிழரசன்தான் ஓட்டினான். கம்பளியைச் சுருட்டித் தன் காலடியில் வைத்திருந்தான். திங்கட்கிழமை மாலை கோகிலா போன் செய்து, "எடுத்துட்டாங்கக்கா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். சாம்பிள் எங்கே என்று கைடு கேட்டார். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அதை யார் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் அந்த ஆராய்ச்சியில், விளையாட்டு வாசனையே படாத ஆள் ஒருவரின் சாம்பிளும் ஒப்பிட வேண்டும் என்றார் கைடு. என் தோழிகள் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டினார்கள். கொடுத்தேன். அது திருச்சி ஆய்வகத்தின் பெரிய ஃப்ரீசரில், மைனஸ் எண்பது டிகிரியில் தூங்கப்போனது. அன்றிலிருந்து எனக்குக் குளிர்கிறது. பெரம்பலூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பாடம் நடத்துகிற ஒரே ஆள் நான்தான். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அம்மா, "எம்பொண்ணு இங்க இல்லீங்க, திருச்சியில ஐசுக்குள்ள இருக்கா" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று நெற்றி வேர்த்தது, முதுகு வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனைப் போடச் சொன்னேன். அம்மா கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்தபடி நின்றார். போன் அடித்தது. கைடு.

"சார், பெரிய ஃப்ரீசர் நின்னுபோச்சா?" என்று கேட்டேன்.

"காலையிலதாம்மா நின்னுச்சு. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல" என்றார் கைடு.

அம்மா இப்போதெல்லாம் சொந்தக்காரர்களிடம் அந்த ஜோக்கைச் சொல்வதில்லை. நான்தான் சொல்கிறேன்.