பூசணிப் பந்தலின் கீழ் மீசை பட்ட பாடு

அந்தக் காலையில் அவையிலிருந்தோர் இவர்: கவிழ்த்த வாளியின்மேல் நாயகர், துவைகல்லின்மேல் அவருடைய இல்லாள், பின்வாசற்படியில், ஒரு கன்னம் மழித்தும் மறுகன்னம் நுரைத்தும், நடுச்சவரத்தில் கைவிடப்பட்ட பேருந்து ஓட்டுநர், பந்தல்மேல் பூசணியார், வேலிமேல் வெள்ளரியார்.

வாழ்க எம் முடிதிருத்தும் கோமான்! கத்தரிக்கோல் ஏந்திய கரத்தோன், பிடரிகள் ஆயிரம் பணியக் கண்டோன், காதளவு முறுக்கிய கார்மேக மீசையோன்! அம்மீசைக்கே வந்தது சோதனை. "மச்சான், உங்க கைராசிக்குக் கொடி இலைதான் விடும், காய் விடாது" என்று மனைவியின் தம்பி எழுதிவிட, வெகுண்ட வேந்தர், "என் கையால் ஒரு பூசணியேனும் காய்க்காவிடில் இம்மீசையை மழித்து உறையிலிட்டு அனுப்புவேன்!" என வரைந்து, வீடதிர வாசித்தும் காட்டி, அஞ்சலில் சேர்த்திருந்தார்.

எருவிட்டார், நீர்விட்டார், இலையரிக்கும் செவ்வண்டுச் சேனைமேல், பூ விரியும் வேளையென்றும் பாராமல் மருந்துமழை பொழிந்தார். செவ்வண்டு மாண்டது, தேனீயும் திசைமாறிப் போயிற்று. மகரந்தம் சுமப்பாரின்றிப் பெண்பூக்களின் அடிப்பிஞ்செல்லாம் வெம்பி விழக் கண்ட வீரர், "நானே தேனீ!" என்று முழங்கி, வாடிக்கையாளர் பிடரி துடைக்கும் மென்தூரிகையைக் கையிலெடுத்து, காலைதோறும் ஆண்பூவில் தோய்த்துப் பெண்பூவில் தீட்ட, போர்க்களத்துப் புழுதியென வெண்துகள் எழுந்து விண்ணை மறைத்தது. பிஞ்சுகளோ விழுந்தவண்ணமே இருந்தன.

"அண்ணே, பூவுக்கெல்லாம் முடிஞ்சா என் கன்னத்தைக் கொஞ்சம் பாருங்க. வண்டி எடுக்கணும்" என்றார் ஓட்டுநர்.

இல்லாள் எழுந்து வந்து தூரிகையை மோந்தாள். "அட கடவுளே! இது பூரா பவுடரு. பூவுக்கு மேக்கப்பா போட்டுட்டு இருந்தீங்க?"

சொன்னவள் ஓர் ஆண்பூவைக் கிள்ளி, இதழுரித்து, எஞ்சியிருந்த ஒரே பெண்பூவின் நடுவில் மெல்லத் தேய்த்துவிட்டு, துணி அலசப் போய்விட்டாள்.

அப்பூவடியில் நெல்லியளவாய், முட்டியளவாய், குடத்தளவாய்த் திரண்டெழுந்தது ஒரு காய்! "வென்றோம்! அழியா மீசை வென்றது!" என்று நாயகர் ஆர்ப்பரிக்க, இல்லாள் கேட்டாள்:

"'என் கையால்'னுதானே எழுதினீங்க? இது யாரு கை?"

மீண்டும் சவரத்துக்கு வந்திருந்த ஓட்டுநர், அரைக்கன்னத்தோடு அன்று பேருந்தோட்டிய வஞ்சம் தீர, "அக்கா கைதான். நானே பாத்தேன்" என்று சாட்சி மொழிந்தார்.

உலகின் தாடைகளை ஆண்ட கோமான் தம் சிங்காதனத்தில் தாமே அமர்ந்தார். கண்ணாடி அழ, அகன்ற கத்தி இறங்க, கார்மேகம் இரண்டாகப் பிளந்து மடியில் வீழ்ந்தது. அதைத் தாளில் மடித்து, உறையிலிட்டு, பசை தடவி ஒட்டி, வெறுமையான உதட்டைத் துண்டால் மறைத்தபடி தாமே அஞ்சலகத்துக்கு எடுத்துச் சென்றார்.

உறை தடிமனாக இருக்கிறது, இன்னொரு தபால்தலை ஒட்டுங்கள் என்றார்கள்.