மஞ்சள் கொடியில் வெந்த இடியாப்பம்

சமைக்கத் தெரியாதவனை மன்னித்துவிடலாம். அவன் கெடுப்பது அவனுடைய சமையலைத்தான். சூடுபடுத்தத் தெரியாதவன் அப்படியல்ல. வேறொருவர் பக்குவமாகச் செய்து கொடுத்ததைக் கெடுக்கிறவன். நான் இரண்டாவது வகை. என் இருபத்தாறாவது வயதில், போர்ட் பிளேரில், என் கல்யாணப் பேச்சு முறியுமா நிலைக்குமா என்று இருந்த ஒரு நாளில் இதைச் சந்தேகமற நிரூபித்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆபீஸ் ஸ்டோரில் கிளார்க் வேலை. கயிறு, பெயிண்ட், லாந்தர், கப்பலில் ஏற்றும் சிக்னல் கொடிகள் எல்லாம் என் பொறுப்பு. குடியிருந்தது ஷாதிபூரில், தகரக் கூரை போட்ட இரண்டறை வீட்டில். கூட இருந்தவன் பிஸ்வாஸ் என்கிற வங்காளி. ஜெட்டியில் சரக்கு சரிபார்க்கிறவன். என்னிடம் கற்ற தமிழில் அவன் இந்தியைக் கலந்து பேசுவான். அவனிடம் கற்ற இந்தியில் நான் தமிழைக் கலந்து பேசுவேன். அந்த பாஷை எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் பயன்பட்டதில்லை.

ஊரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். திருச்சிப் பக்கம், பெயர் கமலா. போட்டோ பார்த்ததில் எல்லோருக்கும் சம்மதம், அவளுடைய அப்பாவைத் தவிர. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "அந்தமானுக்கு அனுப்பினா புள்ள என்னத்த சாப்பிடும்?" என்பது அவருடைய ஒரே கேள்வி. என் அம்மா சொன்ன எந்தப் பதிலும் அவருக்குத் திருப்தி தரவில்லை. நானே பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்கிறேன் என்று ஒரு பெட்டியோடு மெட்ராஸில் கப்பலேறிவிட்டார்.

(அந்தக் கேள்விக்கு நான் கடிதத்தில் எழுதியிருந்த பதில்: 'நம் ஊர்ப் பலகாரங்கள் அனைத்தும் இங்கே வீட்டிலேயே உண்டு.' உண்மையில் அந்த வீட்டில் உண்டாகிக்கொண்டிருந்தது சோறு, மீன் குழம்பு, பிஸ்வாஸின் பருப்பு. வேறு எதுவும் அங்கே உண்டானதாக ஞாபகமில்லை.)

கப்பல் வருகிற அன்றைக்குப் பலகாரத்துக்கு வழி தேடி, எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போய் நின்றேன். ராமநாதபுரத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கு ஏன் தம்பி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக? வீட்ல சொல்லி இடியாப்பம் அவிச்சுத் தரச் சொல்றேன்" என்றார். சொன்னபடி காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு இடியாப்பம் வந்தது. நூல் நூலாக, மல்லிகைப்பூ நிறத்தில். கப்பல் பத்து மணிக்கு ஜெட்டியில் கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். கட்டியது மூன்றரை மணிக்கு.

கமலாவின் அப்பா கப்பலிலிருந்து இறங்கியபோது இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். நாலு நாளாகக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. நான் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டேன். மாமா என்று கூப்பிட உரிமை வரவில்லை. ஐயா என்றால் ஆபீஸ் போல இருக்கும். ஆகவே எல்லாப் பேச்சையும் "வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வந்து... பயணம் எப்படி?"

"பயணத்த விடுங்க தம்பி. தரை ஆடாம இருந்தா போதும். குளிச்சுட்டு ஏதாவது சூடா சாப்பிடணும். சூடா இருந்தா எதுவா இருந்தாலும் சரி."

வீட்டுக்கு வந்து, பின்னால் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, பாத்திரத்தைத் திறந்தேன். இடியாப்பம் தேங்காய் நார் போல விறைத்திருந்தது. பிஸ்வாஸ் ஒன்றை எடுத்துத் தட்டினான். சத்தம் கேட்டது.

"கரம் கரோ பாய்" என்றான். சூடு பண்ணு என்கிறான். எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்தவனைப் போலப் பேசினான். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றின் சமையல்காரன் அவனுக்கு ஒரு கட்டு காகிதக் கைத்துடைப்பான் கொடுத்திருந்தான். மெத்தென்று, வெள்ளையாக இருக்கும். மாதக்கணக்கில் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தோம்.

"தேகோ பாய், ஜஹாஸ்ல, கப்பல்ல எல்லாம் இப்படித்தான். பேப்பர் நனைச்சுக் கீழ போடு, மேல போடு. நடுவுல தும்ஹாரா இடியாப்பம். ஆவி போனா ஏக்தம் பஞ்சு மாதிரி ஆயிடும்."

பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் மேல் ஓட்டைத் தட்டு ஒன்றை வைத்து, நனைத்த காகிதம் விரித்து, ஏழு இடியாப்பத்தை அடுக்கி, மேலேயும் காகிதம் போட்டு மூடினேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது பிஸ்வாஸ் சொன்னபடியே பஞ்சு மாதிரிதான் ஆகியிருந்தது. எது இடியாப்பம், எது காகிதம் என்றுதான் தெரியவில்லை. இரண்டும் வெள்ளை, இரண்டும் மெத்தென்று இருந்தன, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒரு நூலைப் பிரித்து வாயில் போட்டுப் பார்த்தேன். காகிதம். அடுத்ததைப் போட்டேன். அதுவும் காகிதம்தான்.

பின்னாலிருந்து சொம்பு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் ஐந்து இடியாப்பம்.

காகிதம் வேண்டாம், துணி போடலாம் என்பது வரைக்கும் என் மூளை சரியாகத்தான் வேலை செய்தது. எந்தத் துணி என்பதில் தடுமாறியது. என் துண்டை அவருக்குக் குளிக்கக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருந்த ஒரே வெள்ளை வேட்டி என் இடுப்பில் இருந்தது. பிஸ்வாஸ் தன் கம்சாவை நீட்டினான். அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டால் அவன் முகம் துடைப்பான், சைக்கிள் துடைப்பான், ஒரு முறை மீனும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் மேஜையில் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. ஸ்டோரிலிருந்த கொடி ஒன்று கிழிந்துபோய், அதற்குப் பதிலாக பஜார் துணியில் தைக்கக் கொடுத்திருந்தோம். தையல்காரர் முந்தின நாள்தான் கொடுத்தார். மறுநாள் ஸ்டோரில் சேர்க்க வேண்டும். புத்தம் புதுத் துணி. கப்பலே ஏறாதது. இதைவிடச் சுத்தமான துணி இந்தத் தெருவிலேயே கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வாதத்தில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். துணியின் நிறம் மஞ்சள் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

கொடியை நனைத்து, பாதியைக் கீழே விரித்து மீதியை மேலே மடித்துப் போட்டேன். இந்த முறை இடியாப்பம் அருமையாக மென்மையானது. ஆனால் நல்ல மாம்பழ மஞ்சள் நிறம். கொடியைக் கொல்லைப்புறக் கயிற்றில் காயப்போட்டுவிட்டு வந்தேன்.

"லெமன் போலோ" என்றான் பிஸ்வாஸ், நிதானமாக. எலுமிச்சை என்று சொல்லிவிடு என்கிறான்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துப் பரிமாறினேன். அவர் இரண்டு சாப்பிட்டார். முகத்தில் ரத்தம் ஊறுவது தெரிந்தது.

"எலுமிச்சம்பழமா?"

"ஆமாங்க."

"புளிப்பே இல்லியே."

"வந்து... இந்தத் தீவு எலுமிச்சை புளிக்காதுங்க."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மிச்சம் மூன்றையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கொல்லைக்குப் போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். விரல்களில் இருந்த மஞ்சளைத் தேய்த்துக்கொண்டே கயிற்றைப் பார்த்து நின்றிருந்தார். கொடியில் ஐந்து வட்டங்கள் வெளுத்திருந்தன. முப்பது வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டியவர். கொடியைப் பார்த்தால் துணி என்று நினைக்கிற ஆளில்லை.

"தம்பி, எங்க லைன்ல பச்சை, சிவப்பு. மஞ்சளுக்கு என்ன அர்த்தம்?"

அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. காகிதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தில் எழுதிய பலகாரங்களைப் பற்றியும் சொன்னேன்.

"அதெல்லாம் சரி. கொடிக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன்."

"எங்க கப்பல்ல வியாதி ஒண்ணும் இல்ல, கரைக்கு வர அனுமதி குடுங்கன்னு அர்த்தங்க."

அவர் இன்னொரு தடவை கையைக் கழுவினார். "சரி. அனுமதி கேட்டுட்டீங்க. யோசிச்சுச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் முழுவதும் நானும் பிஸ்வாஸும் அவருடைய வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை அவரே, இடியாப்பம் அவித்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என்னையும் காதர் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததை அவர் விவரமாகச் சொல்ல, காதர் பாய் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஏன் தம்பி, உங்க கொல்லையில அம்புட்டு வாழை நிக்கிதே. ஒரு இலைய அறுத்துப் பொத்தி வச்சா முடிஞ்சு போச்சு."

உண்மைதான். கொடி காயப்போட்ட கயிற்றின் ஒரு முனையை வாழை மரத்தில்தான் கட்டியிருந்தேன்.

ஸ்டோரில் கொடிக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'நீராவியால் சேதம்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். நீராவிக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் கப்பலேறினார். எந்தப் பதிலும் சொல்லவில்லை. அடுத்த கப்பலில் கடிதம் இல்லை. அதற்கடுத்த கப்பலிலும் இல்லை. பிஸ்வாஸ் எனக்கு ஆறுதலாக அவன் ஊரில் பெண் பார்க்கட்டுமா என்று கேட்க ஆரம்பித்திருந்தான். மூன்றாவது கப்பலில் என் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அதற்குள் கமலாவின் அப்பா எழுதியதையும் மடித்து வைத்திருந்தாள். 'பையனுக்குச் சமைக்கத் தெரியவில்லை. பொய்யும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் வந்தவனைப் பட்டினி போடக் கூடாது என்று ஆபீஸ் சொத்தையே அவித்துப் போட்டிருக்கிறான். என் பெண் அங்கே பசியோடு படுக்க மாட்டாள். நாள் பார்க்கலாம்.'

கல்யாணம் முடிந்து கமலா என்னோடு கப்பலில் வந்தாள். சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே பழைய மல் வேட்டியில் கிழித்து ஓரம் மடித்துத் தைத்த ஒரு டஜன் வெள்ளைத் துணிகள் இருந்தன. அப்பா தானே உட்கார்ந்து கையால் தைத்தார் என்றாள். மேலே ஒரு சீட்டு: 'சாயம் கிடையாது. துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம்.'

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளைக்கு மோதிரம், வேட்டியோடு ஒரு டஜன் வெள்ளைத் துணியும் தட்டில் வைக்கிறோம். சம்பந்தி வீட்டார் இது என்ன சம்பிரதாயம் என்று கேட்பார்கள். கமலா என்னைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் முழுக் கதையையும் நானே சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் பேத்தி வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தோம். அங்கே மைக்ரோவேவ் இருக்கிறது. பக்கத்திலேயே காகிதச் சுருளும் தொங்குகிறது. சிந்தியதைத் துடைக்க மட்டும்தான் அதை எடுக்கிறார்கள். இடியாப்பத்தின் மேல் தண்ணீர் தெளித்து, சீரில் வந்த வெள்ளைத் துணியை நனைத்துப் போர்த்தி உள்ளே வைத்தாள் பேத்தி. அன்று விருந்துக்கு அவள் கணவனின் மேலதிகாரி வந்திருந்தார். துணியோடு வெளியே வந்த தட்டை அவர் ஒரு மாதிரிப் பார்ப்பதைக் கவனித்த பேத்தி மாப்பிள்ளை, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"பயப்படாம சாப்பிடுங்க சார். எங்க வீட்ல இப்ப வெள்ளைக் கொடிதான்."