மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த லினக்ஸ் திக்குகிறது

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தையும் சௌக்கியம்தான், ஆனால் அவள் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். நீங்களும் என் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அம்மாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். சம்பந்தியம்மா தன் கையால் தைத்து, போன முறை உங்களிடம் கொடுத்தனுப்பிய பூப்போட்ட உறை எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் இரவும் பகலும் இருக்கிறது என்பதையும், பொத்தானுக்கென்று அவர்கள் விட்டிருக்கும் சின்ன ஜன்னல் வழியாகவே விரலை நுழைத்து ஆன் செய்கிறோம், ஒரு முறைகூட உறையைக் கழற்றியதில்லை என்பதையும் மறக்காமல் சொல்லவும். வீடியோவில் பேசும்போது அவர்கள் கண் முதலில் அங்கேதான் போகிறது. நாங்களும் கவனித்திருக்கிறோம்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் உங்கள் பக்கம் என் பெண் எடுக்கிறாள், என் பக்கம் உங்கள் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். இது இரண்டு பேருக்கும் தெரியக் கூடாத விஷயம். ஈமெயில் அனுப்பலாம் என்றால் அதையும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் அனுப்ப வேண்டும். நோயாளி கையிலேயே வைத்தியருக்குச் சீட்டுக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

போன முறை வந்திருந்தபோது, எங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடுவதைப் பார்த்து மனமிரங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தீர்கள். "மாமா, இனிமே இது குதிரை மாதிரி ஓடும்" என்றீர்கள். ஓடியது. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மாப்பிள்ளை, இப்போது குதிரைக்குத் திக்குவாய் வந்திருக்கிறது.

உங்கள் அத்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவள் சொன்னால் தூங்கிக்கொண்டிருக்கும் டிரைவர்கூட எழுந்து தன் வண்டியைத் தேடுவார். வீட்டிலும் அதே குரல்தான். "கவனிக்கவும். காபி தயாராக உள்ளது. தாமதமாக வருபவர்கள் ஆறிய காபியைக் குடிக்க நேரிடும்" என்று அடுக்களையிலிருந்து அறிவிப்பு வரும். ஓய்வுபெற்ற பிறகு வாசிக்க ஒன்றும் இல்லாமல் மருந்துப் பாட்டிலின் மேல் ஒட்டியிருப்பதையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அப்படியிருக்கும்போதுதான் பார்வையற்றவர்களுக்கான ஒலிநூலகம் ஒன்றில் புத்தகம் வாசித்துக் கொடுக்க ஆள் தேவை என்று தெரியவந்தது. இந்த மாதக் கடைசிக்குள் மாதிரிக்கு ஒரு பதிவு அனுப்ப வேண்டும். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பணி ஓய்வு விழாவுக்குப் பிறகு பார்த்ததில்லை.

ஒரு கப்பல் கதையை எடுத்துக்கொண்டாள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, என்னை மூச்சுகூட மெதுவாக விடச் சொல்லிவிட்டு, முதல் அத்தியாயத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாள். நேரில் கேட்டவன் நான், ஒரு பிசிறு இல்லை. பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போட்டுக் கேட்டாள். பாதியில் எனக்கும் ஸ்பீக்கரில் வைத்தாள். "க-க-கப்பல் கரை-கரை-கரையை விட்டு ந-ந…" என்று வந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைக்கிறவள் இல்லை.

"வயசாயிடுச்சு. குரல் போயிடுச்சு. பேசும்போது நமக்கே தெரியாது, பதிவு பண்ணிக் கேட்டாத்தான் தெரியும்" என்றாள்.

"இப்போ நல்லாத்தானே பேசறே?" என்றேன்.

"உங்க காதுக்கு என்ன தெரியும்? காலமெல்லாம் மெஷின் சத்தத்துல இருந்தவரு" என்று என் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, "ஆ சொல்லுங்கம்மா" என்றார். சொன்னாள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், "ஆ-வுல என்ன திக்கல் வரும்? ஒரே எழுத்து" என்றாள். அன்றிலிருந்து வேளை தவறாமல் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறாள். மிச்சமிருக்கும் குரலைச் சேமிக்கிறேன் என்று பேச்சையும் குறைத்துவிட்டாள். இப்போது காபி தயாரானால் டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், இந்த வீட்டில் கொஞ்ச நேரம் அமைதி கிடைக்காதா என்று ஏங்கியவன் நான். கிடைத்துவிட்டது, மாப்பிள்ளை. எனக்கு அது வேண்டாம். அந்தக் குரல் இல்லாத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திக்குவது அவள் இல்லை, கம்ப்யூட்டர்தான் என்று நிரூபித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் அல்லவா? காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்து அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பார், செய்தி வாசிக்கிறவனும் திக்கப்போகிறான்" என்று செய்தியைப் போட்டேன். பாவி, அருவி மாதிரி கொட்டினான். ஓர் எழுத்து தடுக்கவில்லை. அவள் எழுந்து கொப்பளிக்கப் போனாள். சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதே ஆள் "வ-வ-வானிலை" என்றான். ஓடிப்போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினால், "என்னைத் தேத்தறதுக்காக நீங்க ஏதோ பண்ணி வெச்சிருக்கீங்க" என்கிறாள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது என்று அவள் நம்பியது இதுதான் முதல் தடவை, அதுவும் இப்படி வேண்டாத நேரத்தில்.

பிறகு லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்றில் போய், வணக்கம் சொல்லி, குடும்ப நிலவரத்தை விளக்கி, நீளமாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஆந்தைப் படம் போட்ட ஒருவர் மட்டும் மனம்வைத்துப் பதில் சொன்னார். அவர் பெயர் தெரியாததால் ஆந்தையார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஐயா, பெட்டி சூடாகுதா, கொஞ்சம் பாருங்க" என்பது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தம்பி, நான் தொழிற்சாலையில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். 'காற்றுத் துளைகளை மூடாதே' என்று சுவரெல்லாம் பலகை மாட்டி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டவன். சூட்டைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம், ஒலியைப் பற்றி மட்டும் சொல்லவும்" என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒலிக்கு வந்தார்.

ஒலி நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லையாம். மாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பது போல முதலில் பஃபர் என்ற ஒன்றில் நிரம்பி, அங்கிருந்து வழிகிறதாம். தொட்டி சின்னதாக இருந்து, நிரப்புகிற மோட்டாரும் சுணங்கினால் குழாய் கக்கிக் கக்கி வரும் அல்லவா, அந்தத் திக்கல்தான் இது என்றார். தொட்டியைப் பெரிதாக்க ஒரு கட்டளை கொடுத்தார். அதை அடித்தால் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டை அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்துக் கவிழ்த்துத் தட்டினேன். பிஸ்கட் தூளும், என் பெண் தொலைத்துவிட்டு என்னைச் சந்தேகப்பட்ட தோட்டின் திருகாணியும் விழுந்தன. (திருகாணியைத் தனியாக அனுப்புகிறேன்.) "பாஸ்வேர்டு திரையில தெரியாதுங்கய்யா, கண்ணை மூடிட்டு அடிங்க" என்று ஆந்தையார் சொன்ன பிறகு நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். தொட்டி பெரிதானது. பலன் என்னவென்றால், முன்பு எழுத்து எழுத்தாகத் திக்கிய செய்திக்காரன் இப்போது வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று யோசிக்கிறான்.

அடுத்து, உள்ளே ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் சேவை ஒன்று இருக்கிறதாம், அதை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். வேலையிலிருந்து நீக்கிவிட்டு உடனே சேர்த்துக்கொள்வது எந்த ஊர் நிர்வாகம் என்று புரியவில்லை, ஆனாலும் செய்தேன். நீக்கியது நடந்தது. சேர்த்தது நடக்கவில்லை. ஒரு நாள் முழுக்க வீட்டில் உங்கள் அத்தையும் பேசவில்லை, கம்ப்யூட்டரும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஆன் செய்ததும் அதுவாகவே குரல் வந்து, மத்தியானம் வரை ஜோராகப் பேசி, சாயங்காலம் மறுபடி திக்கியது. எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தக் களேபரத்தில் ஆறுதலாக இருப்பது மாடி வீட்டுப் பூனை மட்டும்தான். சம்பந்தியம்மாவின் கைவேலை அதற்கும் பிடித்துப்போய், மத்தியானம் ஆனால் அந்த உறையின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டு சாயங்காலம் வரை எழுந்திருப்பதில்லை. இதையும் உங்கள் அம்மாவிடம் சொல்லவும், சந்தோஷப்படுவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தை நேற்று, "நூலகத்துக்குப் போன் பண்ணி, என்னால முடியாதுன்னு சொல்லிடப்போறேன்" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆகவே, மாப்பிள்ளை, ஒன்று நீங்கள் உடனே புறப்பட்டு வந்து இந்த லினக்ஸுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், அல்லது அதை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டுக் கொடுக்க வேண்டும். அது மெதுவாக வந்தாலும் திக்காமல் வந்தது. உங்கள் மேல் எனக்கு எள்ளளவும் குறை இல்லை. குறையெல்லாம் லினக்ஸ் மேல்தான். அதைப் போட்டது நீங்கள் என்பது தற்செயல். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும்.

நீங்களும் என் பெண்ணும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு மனம் வரவில்லை.

சில நாளைக்கு முன் இதைத் தபால் உறைக்குள் மடித்து வைத்து ஒட்டப்போகும்போது, பெட்டியின் மேல் படுத்திருந்த அந்தப் பூனை சோம்பல் முறித்துக் காலை நீட்டியது. உங்கள் அத்தை மேசைமேல் வைத்திருந்த உப்புத் தண்ணீர் டம்ளர் அப்படியே கவிழ்ந்து, சம்பந்தியம்மாவின் பூக்களெல்லாம் நனைந்துவிட்டன. நான் ஸ்விட்சை அணைக்க ஓடினேன். அவள் உறையை உருவிக்கொண்டு ஓடினாள். "வீடியோவுல பார்க்கறதுக்குள்ள துவைச்சுக் காயப்போடணும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் திக்கல் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பெட்டியைத் தொட்டேன். நல்லவேளை, இறங்கவில்லை. ஆனால் பெட்டி இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. சுற்றிப் பார்த்தேன். காற்றுத் துளைகள் பக்கத்துக்கு ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. எல்லாவற்றையும் இத்தனை நாள் இழுத்துப் போர்த்தியிருந்தது நாங்கள் மரியாதைக்காகக் கழற்றாத உறை. அந்தச் சூட்டில்தான் ஆந்தையார் சொன்ன மோட்டார் சுணங்கிக் குழாய் கக்கியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட பலகைகளெல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

ஆறவிட்டு, உறை இல்லாமல் ஆன் செய்து, செய்தியைப் போட்டேன். மத்தியானம் போட்டது சாயங்காலம் வரை திக்கவே இல்லை. பிறகு அவளைக் கூப்பிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலை, நீயே கேளு" என்று அந்தப் பழைய கப்பல் பதிவையே வைத்தேன். புதிதாகப் பதிவு செய்ததில்லை, அவள் மனத்தை உடைத்த அதே பதிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றி, மேசைமேல் டொம்மென்று போட்டுவிட்டு, "கப்பல் நல்லாத்தானே கிளம்பியிருக்கு" என்றாள். மாப்பிள்ளை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதிவை அன்றைக்கே நூலகத்துக்கு அனுப்பிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை, வரும். அதற்குள் இரண்டாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. ஆந்தையாரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஒரு சிரிக்கும் முகத்தை மட்டும் அனுப்பினார். பூனைதான் எங்கள்மேல் கோபித்துக்கொண்டு வருவதில்லை.

லினக்ஸ் இருக்கட்டும். துவைத்துக் காய்ந்த உறையை மடித்து மைக்குக்குக் கீழே மெத்தையாக வைத்திருக்கிறோம், மேசையின் அதிர்வு பதிவில் ஏறாமல் தடுக்கிறது. அத்தையின் பதிவு இவ்வளவு நன்றாக வருவதற்குக் காரணம் சம்பந்தியம்மாவின் கைவேலைதான் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லவும். அது பொய் இல்லை. மற்றதைச் சொல்ல வேண்டாம். நீங்கள் வர வேண்டிய வேலையும் இல்லை, ஆனாலும் வாருங்கள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்று இருந்தேன், அதற்குள் அடுக்களையிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது: "கவனிக்கவும். மாப்பிள்ளைக்கு ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் பெரியவர், எங்கிருந்தாலும் உடனடியாகச் சாப்பாட்டு மேசைக்கு வரவும்."

ஓர் எழுத்து திக்கவில்லை, மாப்பிள்ளை.